பயணத்தின் நோக்கம்

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆறாம் வகுப்பு அறிவியல், மூன்றாம் பாடம், வீட்டுக்குப் பிழை திருத்த வந்த இரண்டாம் மெய்ப்பு. 'உயிருள்ளவை தாமாக இடம்பெயரும்' என்று ஒரு வரி. ஓரத்தில் 'எல்லாமா?' என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். பதிப்பகத்தில் இருப்பவர்களுக்கு என் கிண்டல் புரியாது. புரிந்தால் இன்னும் சங்கடம்.

மத்தியானம் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் ஃபோனில் கூப்பிட்டார். பிசியோதெரபிக்கு வருகிற பெண்தான் என் நம்பரைக் கொடுத்தாளாம். கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வருகிற பொது வண்டி ஒன்று விடப்போகிறார்களாம், சக்கர நாற்காலியோடு ஏறுகிற மாதிரி. அது எப்படி இருக்க வேண்டும் என்று அதில் போகப்போகிறவர்களையே உட்கார வைத்துப் பேசப்போகிறார்களாம். மாதம் இரண்டு கூட்டம். வர முடியுமா?

"கடைசியா தனியா எப்ப வெளிய போனீங்க மேடம்? எங்க?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விளக்கு வைத்தாயிற்று, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

அண்ணனிடம் சொன்னேன். "அதுக்கென்ன பாப்பா, போலாம். அரை நாள் லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

தனியாகப் போவதைப் பற்றிப் பேசுவதற்கும் அண்ணன் கூடத்தான் போக வேண்டும். முப்பத்தொன்பது வயதுப் பாப்பா.

பிப்ரவரி 20, வியாழன்

முதல் கூட்டம்.

நான் வெளியே கிளம்புவதென்றால் அது ஒரு கல்யாண ஏற்பாடு. வாசலில் மூன்று படி. ஸ்டோர் ரூமிலிருந்து மரப்பலகையை எடுத்துப் படிமேல் சாய்த்துப் போட வேண்டும். வெளியே வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அண்ணன் அதை உள்ளேதான் பூட்டி வைப்பார். என் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கி, கார் கதவைத் திறந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்து, நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டு... முதுகெலும்பில் கட்டி என்று அறுத்தெடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இதே வரிசை. அண்ணன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டம் முதல் மாடியில் என்றார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அலுவலருக்கு அழுகை வராத குறை. மேஜை நாற்காலியெல்லாம் கீழே வாகன நிறுத்தத்துக்கு வந்தன. அங்கேயே உட்கார்ந்து பேசினோம். காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று யாருக்குத் தெரியும்?

பார்வையில்லாத கணக்கு வாத்தியார் ஒருவர். வீடு வீடாகப் போய் டியூஷன் எடுக்கிறவர். வளர்ந்த மகனோடு ஒரு அம்மா. மகனுக்குப் பேச்சு வராது, கையில் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். கழகத்தின் சார்பில் ஒரு ஓட்டுநர், கை கட்டிக்கொண்டு.

அலுவலர் வண்டியின் பெயரைப் படித்தார்: 'தேவைக்கேற்ற அணுகல்நிலைப் பொது ஊர்திச் சேவை'. வாத்தியார் சொன்னார், "இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி போயிடும்மா." எல்லோரும் சிரித்தோம். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததை அண்ணன் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் கூட்டம். வண்டிக்கான விதிகளின் வரைவைக் கொடுத்தார்கள். என் கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் 'பயனாளி', 'பயனாளி' என்று இருந்தது. எல்லாவற்றையும் அடித்துப் 'பயணி' என்று எழுதினேன். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் அலுவலர். "பஸ்ல ஏறுறவங்களைப் பயனாளின்னா சொல்றீங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். சரி, மாற்றிவிடுவோம் என்றார்.

அதற்குப் பிறகு ஓட்டுநர் வாயைத் திறந்தார். "நாற்காலியைத் தள்ளுவோம், பலகை போடுவோம். ஆளைத் தூக்கச் சொல்லாதீங்க. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இடுப்பு போச்சு." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் நான் அவர் பக்கம் பேசினேன். தூக்கப்படுவது எனக்கு மட்டும் என்ன இஷ்டமா? முன்பின் தெரியாதவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது சட்டை மேலேறி, இடுப்பு தெரிந்து, சிரித்தபடி நன்றி வேறு சொல்ல வேண்டும். 'ஓட்டுநர் பயணியைத் தூக்கக் கூடாது' என்று எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 7

வரைவில் கடைசிப் பக்கத்தை இன்று காலையில்தான் படித்தேன். வண்டியைக் கூப்பிடும்போது 'பயணத்தின் நோக்கம்' சொல்ல வேண்டுமாம். மருத்துவம், வேலை, கல்வி, பிற. பிற என்றால் விவரம் தர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் 'பொறுப்பாளர்' ஃபோனுக்குச் செய்தி போகும், எங்கே, எதற்கு என்பதோடு.

எனக்குப் பொறுப்பாளர் யார்? கேள்வியே இல்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

குடும்பத்தினர் கருத்தைக் கேட்கும் கூட்டம். அண்ணனைப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினார். குளிர்பதனக் கிடங்கில் ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர், பேசத் தெரியாதா? "எங்க பாப்பா வெளிய போகணும், அதுல எனக்கு ரெண்டாம் பேச்சே இல்ல. எங்க போறா, எதுக்குப் போறா, சேர்ந்தாளா... ஒரு மெசேஜ். அது போதும். தப்பா?" சிலர் கை தட்டினார்கள். அந்த அம்மாவும். "என் மகனுக்கு வாய் பேச வராது. இறங்கிட்டான்னு தெரியாம நான் எப்படி இருப்பேன்?"

அந்த அம்மா சொன்னது நியாயம்.

ஆனாலும் சொன்னேன். என்னைப் பற்றி யாருக்கும் செய்தி போக வேண்டாம், நோக்கம் என்கிற கேள்வியே வேண்டாம் என்றேன். அண்ணன் சிரித்தார். குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "எங்ககிட்ட மறைக்கிற மாதிரி உனக்கு என்ன பாப்பா வேலை? நாங்க என்ன வேத்து ஆளா?" எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அலுவலர் பேனாவோடு காத்திருக்கிறார். எனக்குள் என்னவோ அறுந்துபோச்சு.

"எனக்கு பிரா வாங்கணும்ணா" என்றேன். மைக்கில். "ஒன்பது வருஷமா அண்ணி வாங்கிட்டு வர்றாங்க. ஒண்ணுகூடச் சரியில்ல. தோள்ல பட்டை பதிஞ்சு புண்ணாகுது. நானே போய், பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கணும். அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் பண்ணட்டும்? 'பிற'வா? விவரம் உங்க ஃபோனுக்கு வரட்டுமா?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. வாத்தியார் மெதுவாக, "நோக்கத்தை அடிச்சிடுங்க" என்றார்.

கிளம்பும்போது அண்ணன் வழக்கம்போலக் குனிந்தார். நானும் வழக்கம்போல அவர் கழுத்தில் கையைப் போட்டேன். சண்டை போட்ட ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் நான் காரில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வாசலைத் தாண்டி வெளியே போய்க் கதவை அறைந்து சாத்துகிற உரிமைகூட எனக்கு இல்லை.

மார்ச் 21

யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "சைஸ் சரியில்லன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது அண்ணி? ஆபீஸ் முடிஞ்சு, காய்கறி வாங்கிட்டு, அதையும் தேடி அலைஞ்சு வாங்கிட்டு வர்றீங்க."

"ஒன்பது வருஷமாவா சொல்ல முடியல?"

"ஒன்பது வருஷமா."

என்னை முறைத்தார். பிறகு, "எனக்கு மட்டும் அந்தக் கடையில நிக்கிறதுக்கு நல்லாவா இருக்கும்? உன் அளவு தெரியாம, 'நடுத்தரமா ஒண்ணு குடுங்க'ன்னு குத்துமதிப்பா வாங்கிட்டு ஓடி வருவேன்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணன் என்னைக் கூட்டத்தில் விட்டுவிட்டு வெளியே காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

செய்தி யாருக்கெல்லாம் போக வேண்டும் என்பதுதான் இன்று முழுக்க. பயணியே முடிவு செய்யட்டும் என்றேன். "என் மகன் எப்படி முடிவு செய்வான்?" என்றார் அந்த அம்மா. நியாயம். அலுவலர் ஒரு யோசனை சொன்னார். வண்டிக் கதவருகே இரண்டு பொத்தான். ஒன்றில் ஃபோன் பேசும் அம்மா படம். மற்றதில் வாயில் விரல் வைத்த படம். அட்டையில் வரைந்து அவன் முன்னால் வைத்தார்கள். அந்த அம்மா பொறுமையாக மூன்று நான்கு தடவை விளக்கினார். அவன் வளையத்தைச் சுற்றுவதை நிறுத்தினான். வாயில் விரல் வைத்த படத்தைத் தொட்டான்.

"அது சிவப்பு. அவனுக்குச் சிவப்புன்னா பிடிக்கும், அதான்" என்றார் அம்மா. சரியென்று நிறத்தை மாற்றி வரைந்து வைத்தார்கள். அவன் பச்சையைத் தொட்டான். அதே படம்.

அம்மா அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்குச் சொல்ல வேண்டாமாம்" என்றார், யாரிடமோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குத் திரும்ப வண்டியில ஏறினா மட்டும் சொல்லட்டும். அதாவது சொல்லட்டும்டா" என்றார். அவன் மறுபடி வளையத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

யாருக்குச் செய்தி போகும் என்பது பயணியின் விருப்பம். நோக்கம் கேட்கக் கூடாது. இரண்டும் முடிவாயிற்று. நான் ஜெயித்துவிட்டேனாம், வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா பக்கம் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 28

சோதனை ஓட்டத்தில் எங்கள் தெருவும் இருக்கிறது. மே ஐந்தாம் தேதி முதல். சாப்பிடும்போது சொன்னேன். அண்ணன் குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டே "ம்" என்றார்.

மே 5, திங்கள்

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் பெரிய கதவு. ஓட்டுநர் அதே கை கட்டிய ஆள். உள்ளே வாத்தியார் முன்பே உட்கார்ந்திருந்தார்.

நான் தலை வாரி, பையை மடியில் வைத்து, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். பலகை இருக்கிற ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. சாவி ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கும். இன்று இல்லை. அண்ணி பள்ளி அலுவலகத்தில், அண்ணன் கிடங்கில். ஃபோன் போட்டேன்.

"அடடா, சாவி என் பாக்கெட்லயே வந்துடுச்சு பாப்பா. நான் கிளம்பி வரட்டுமா? அரை மணியில வந்துடுவேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார். வண்டியின் பலகை அதன் கதவோடு பொருத்தியது, படிக்கு வராது. மூன்று படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூக்கக் கூடாதும்மா. நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கே கஷ்டமாக இருந்தது. அலுவலகத்துக்குப் பேசி இன்னும் கொஞ்ச நேரம் நிற்க அனுமதி வாங்கினார். வாத்தியார் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்: "நான் இறங்கித் தூக்கிடுவேன். எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னுதான் தெரியாது!" சிரித்தேன். சிரிக்க முடிந்தது. அவருக்கும் டியூஷன் நேரம் ஆகிறது. "கிளம்புங்க" என்று நானே சொன்னேன்.

ஃபோனில் செய்தி வந்தது: 'பயணி வரவில்லை.'

நான் வரலையா? நானா வரலை?

மே 6

மறந்துவிட்டேன் என்கிறார். மறக்கிற ஆளா? கார் சாவி, கிடங்குச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் தனித்தனியாகக் கொத்துப் போட்டு வைக்கிறவர். கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன ஆகும்? ஆமாம்னு சொல்லிட்டா? அதுக்கப்புறமும் ராத்திரி கட்டில்ல ஏத்தி விடுறது அவர்தானே. கோபப்படக்கூட இந்த வீட்ல எனக்குன்னு ஒரு இடம் கிடையாது. கதவைச் சாத்திட்டு அழலாம்னா இந்தச் சக்கரம் கதவுல இடிக்குது.

மே 8, வியாழன்

அண்ணி சீக்கிரம் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவர் சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டதை நான் பார்த்தேன். ஒண்ணும் சொல்லாம ஆபீசுக்குப் போயிட்டேன்."

நான் மெய்ப்பை மூடி வைத்தேன்.

"உங்கண்ணன் கெட்டவர் இல்ல. பயந்தவர். ஆஸ்பத்திரியில உன்னை அந்த நிலைமையில பார்த்தாரு பாரு, அதுல பிடிச்ச பயம். நீ பத்திரமா இருக்கணும்னா அவர் கண்ணு முன்னாடி இருக்கணும். நீ வீட்டுல இருந்தா, ஆபீஸ் நேரம் போக நானும் இங்கயே இருக்கணும். நாங்க ரெண்டு பேரும் வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உன்னால இல்ல. உன்னைச் சொல்லல. ஆனா நானும் இதே வீட்டுக்குள்ளதான் இருக்கேன்."

எனக்கு அது தோன்றியதே இல்லை. என் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து அவர்கிட்டச் சொல்லிட்டேன். அவளை நீங்க பார்த்துக்கல, காவல் காக்குறீங்கன்னு. ராத்திரி பூரா தூங்கல மனுஷன்."

மே 11, ஞாயிறு

காலையிலேயே ஒரு வெல்டிங்காரர் வந்தார். அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் வாசலில் குந்தி உட்கார்ந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பலகை மிகச் செங்குத்தாம், இரும்பில் நீளமாகச் சரிவு போட்டால்தான் நாற்காலி தானாக ஏறி இறங்கும் என்று வெல்டிங்காரர் சொல்வது கேட்டது. அண்ணன் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் போய்விடும்.

"கழட்டி மாட்டுற மாதிரியா சார், நிரந்தரமாவா?"

நான் உள்ளே மெய்ப்பு பார்க்கிற பாவனையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நிரந்தரமா" என்றார் அண்ணன்.

மே 20, செவ்வாய்

போனேன்.

வண்டிக்குள் நாற்காலியைப் பெல்ட் போட்டு மாட்டியதும் பயம் வந்துவிட்டது. இறங்கிவிடலாமா என்று இருந்தது. இவ்வளவு சண்டை போட்டு வாங்கிவிட்டு! வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே போனேன். ஜன்னல் வழியாக என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

கடையில் விற்பனைப் பெண் என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டாள்: "கூட யாரும் வரலையா?" "இல்லை" என்றேன். டேப் எடுத்து அளந்தாள். நான் நினைத்திருந்த அளவும் தவறு. வீட்டுக்குள்ளேயே சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தோள் அகன்றிருக்கிறது. பாவம் அண்ணி, அவர் என்ன செய்வார்? என் உடம்பு எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

மூன்று வாங்கினேன். ஒன்று சிவப்பு.

சாயங்காலம் அண்ணன் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "வண்டி ரொம்பக் குலுங்குச்சா?" என்றார்.

"இல்லண்ணா. நல்லாத்தான் போச்சு."

ஜூன் 17

பதிப்பகத்துக்கு நேரில் போனேன். ஃபோனில் மட்டுமே கேட்ட குரல்களுக்கெல்லாம் இப்போது முகம் இருக்கிறது. தலைமைப் பதிப்பாசிரியர், அந்தக் குரலுக்கு மிகவும் குள்ளம்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் ஒருநாள் வெளியூர். இரவு பிசியோதெரபிப் பெண் எனக்குத் துணையாகப் படுத்துக்கொண்டாள். அண்ணன் கிளம்பியதிலிருந்து எத்தனை ஃபோன்! கடைசியில் அண்ணி வாங்கி அணைத்து வைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. பதிப்பகத்தில் வேலை முடிந்து கீழே வந்தால் வண்டி இல்லை. வரும் வரும் என்கிறார்கள், வரவே இல்லை. கடையோரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினேன். முழங்கால் வரை நனைந்துவிட்டது. பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பெண்மணி, இன்றுதான் முதல் முறையாக வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"எப்பவுமே இப்படித்தான் லேட் பண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சா இப்படித்தான். கூட்டத்துல ரெண்டு தடவை சொல்லியாச்சு, காதுல போட்டுக்க மாட்டேங்கிறாங்க" என்றேன். அலுவலரைக் கூப்பிட்டு நன்றாகச் சத்தம் போட்டேன். அவர் பாவம், இரண்டு வண்டி பழுது என்கிறார். அடுத்த கூட்டத்தில் இதுதான் முதல் பேச்சு என்று சொல்லி வைத்தேன்.

அதற்குள் அண்ணன் ஃபோன். "எங்கே" என்று கேட்கவில்லை. "மழையா இருக்கே, நான் வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்ணா. வண்டி வந்துடும். லேட்டாகும், அவ்வளவுதான்."

அவர் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "அப்ப நாங்க சாப்பிட்டுடறோம்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணி பாத்திரம் கழுவி முடித்து, என்னைக் கட்டிலில் ஏற்றிவிட விழித்திருந்தார். என் பங்கு அடுப்படி மேடையில் மூடி வைத்திருந்தது. அண்ணன் அறையில் விளக்கு அணைந்திருந்தது. குறட்டைச் சத்தம் கேட்டது.